கடன் அன்பை முறிக்குமா? – சில நண்பர்களும் ஒரு புத்தக அலமாரியும்

நம்மூர் மளிகைக் கடைகளில் "கடன் அன்பை முறிக்கும்" என்று ஒரு அட்டை தொங்குவதை எல்லோரும் பார்த்திருப்போம். கடைக்காரர் அதைப் பணத்துக்காகத்தான் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அந்த வாசகம் பணத்தை விட புத்தகத்துக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும்.

நண்பனுக்கு ஒரு புத்தகத்தை இரவல் கொடுத்துப் பாருங்கள். பாதி நேரம் அது திரும்பி வராது. வந்தாலும் அட்டை கிழிந்து, நடுவில் டீக்கறையோடு வரும். கேட்டால், "ஒரு புத்தகத்துக்குப் போயா இப்படி?" என்பான். கேட்காமல் விட்டால் நமக்கு உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும். நாலு நண்பர்கள் சேர்ந்து ஆரம்பிக்கும் வாசகர் வட்டங்கள் பல, கடைசியில் இந்த மாதிரி அற்ப விஷயத்தில்தான் படுத்துவிடுகின்றன.

ஏறக்குறைய 300 வருடங்களுக்கு முன்பு, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் சில இளைஞர்களுக்கு இதே பிரச்சினை வந்தது. அவர்களும் புத்தகங்களை ஒன்றாகப் போட்டு ஒரு அலமாரி வைத்தார்கள். அவர்களுடைய அலமாரியும் ஒரே வருடத்தில் படுத்துவிட்டது. ஆனால் அவர்கள் அதோடு விடவில்லை. எங்கே தப்பு நடந்தது என்று பார்த்துத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தில் பிறந்ததுதான் அமெரிக்காவின் முதல் சந்தா நூலகம்.

21 வயது அச்சுத் தொழிலாளி

கதையின் நாயகன் பெஞ்சமின் பிராங்க்ளின். பின்னாளில் விஞ்ஞானி, தூதர், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், 100 டாலர் நோட்டில் இருக்கும் முகம்... அதெல்லாம் ரொம்பப் பின்னால். 1727-ல் அவர் கீமர் என்பவரின் அச்சகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்த 21 வயது இளைஞர், அவ்வளவுதான்.

1706-ல் பாஸ்டன் நகரில் மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்யும் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனது மொத்தம் இரண்டு வருடம். பத்து வயதில் படிப்பு நின்றது. அப்புறம் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகப் போனார். அங்கேதான் புத்தகப் பைத்தியம் முற்றியது. புத்தகக் கடையில் வேலை பார்த்த பையன்களைப் பிடித்து, சாயங்காலம் கடை மூடும்போது ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு, ராத்திரி முழுக்கப் படித்துவிட்டு, முதலாளி கண்ணில் படுவதற்குள் காலையில் திருப்பிக் கொடுத்துவிடுவாராம்.

இன்னொரு வேலையும் செய்தார். 16 வயதில் சைவ உணவுக்கு மாறினார். "என் சாப்பாட்டுக்கு ஆகும் செலவில் பாதியை என் கையில் கொடுத்துவிடு, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று அண்ணனிடம் கேட்டு வாங்கினார். அந்தப் பாதியிலும் பாதியை மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கினார்! பிராங்க்ளினின் கணக்குப் புத்தி அப்போதே தெரிகிறது.

1723-ல் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு பிலடெல்பியாவுக்கு ஓடி வந்தார். அந்த ஊரில் ஒரு சிக்கல். நல்ல புத்தகக் கடையே கிடையாது. படிக்க ஆசைப்பட்டவர்கள் லண்டனுக்கு எழுதிப் போட்டு, கப்பலில் வருவதற்குக் காத்திருக்க வேண்டும். கையில் காசுள்ள வியாபாரிக்கு அது சரி. அச்சுக் கோர்ப்பவனும் செருப்புத் தைப்பவனும் என்ன செய்வார்கள்?

வெள்ளிக்கிழமை ராத்திரி

1727 இலையுதிர் காலத்தில் பிராங்க்ளின் தனக்குத் தெரிந்தவர்களில் ஆர்வமுள்ளவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். பெயர் "ஜுன்டோ". உறுப்பினர்களில் பலர் கைத்தொழில் செய்தவர்கள். தோல் ஏப்ரன் கட்டி வேலை பார்க்கிறவர்கள் என்பதால் "தோல் ஏப்ரன் சங்கம்" என்றும் ஒரு பெயர் உண்டு.

யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தாலே சுவாரஸ்யம்தான். ஜோசப் பிரிண்ட்னல், பத்திரங்களை நகல் எடுத்துக் கொடுப்பவர், கவிதைப் பிரியர். தாமஸ் காட்ஃப்ரே, ஜன்னல் கண்ணாடி பொருத்துபவர், தானாகவே கணிதம் கற்றவர். வில்லியம் பார்சன்ஸ், செருப்புத் தைப்பவர். நிக்கலஸ் ஸ்கல், நில அளவையாளர். வில்லியம் மாக்ரிட்ஜ், தச்சர். மெரிடித், பாட்ஸ், வெப் மூவரும் பிராங்க்ளினோடு அதே அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள். வில்லியம் கோல்மன், ஒரு வியாபாரியிடம் குமாஸ்தா. ராபர்ட் கிரேஸ் மட்டும் வசதியான வீட்டுப் பிள்ளை.

வெள்ளிக்கிழமை தோறும் ராத்திரி கூடுவார்கள். முதலில் ஒரு மதுக்கடையில். பிறகு கிரேஸ் வீட்டில் இதற்கென்றே ஒதுக்கிய சின்ன அறையில்.

"நண்பர்கள் கூடிப் பேசுகிறோம், அதற்கு எதுக்கு விதி?" என்று இவர்கள் நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் முறை வைத்து விவாதத்துக்குக் கேள்வி கொண்டுவர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சொந்தமாக ஒரு கட்டுரை எழுதி வாசிக்க வேண்டும். இவை தவிர, கூட்டத்தில் கேட்பதற்கென்று 24 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலும் இருந்தது.

அந்தப் பட்டியலின் முதல் கேள்வியே புத்தகம் பற்றியதுதான். கடைசியாக நீ படித்ததில் இங்கே சொல்லத் தகுந்தது ஏதாவது இருந்ததா? வரலாறோ, கவிதையோ, பயணமோ, தொழில்நுட்பமோ, எதுவானாலும் சரி. அதற்கப்புறம் வரும் கேள்விகள் ஊர் விஷயம். சமீபத்தில் யாராவது தொழிலில் நொடித்துப் போனார்களா, என்ன காரணம்? யாராவது நன்றாக முன்னேறினார்களா, எப்படி? (வணிகவியல் வகுப்பில் கேஸ் ஸ்டடி என்று சொல்வதை இவர்கள் மதுக்கோப்பையோடு நடத்தியிருக்கிறார்கள்!) ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே, ஒரு கோப்பை ஒயினை ஊற்றிக் குடிக்கும் நேரம் இடைவெளி. அதுவும் விதியில் இருந்தது.

இன்னொரு விதிதான் முக்கியமானது. விவாதத்தில் "நான் சொல்வதுதான் சரி" என்று அடித்துப் பேசுவதும், அடுத்தவரை முகத்துக்கு நேரே மறுப்பதும் கூடாது என்று ஆக்கினார்கள். மீறினால் சின்னதாக ஒரு அபராதம். தொகை அற்பம்தான். ஆனால் அது செய்த வேலை பெரியது. நண்பன் ஓவராகப் பேசும்போது இன்னொரு நண்பன் "நிறுத்துடா" என்று சொன்னால் மனஸ்தாபம் வரும். விதிப்படி அபராதம் கட்டச் சொன்னால் சிரித்துக்கொண்டே கட்டிவிடுவான். கோபப்பட வேண்டிய இடத்தில் ஒரு விதி போய் நின்றுகொள்கிறது.

அதற்கும் ஒத்துவராதவர் ஒருவர் இருந்தார். கணித மேதை காட்ஃப்ரேதான். யார் எதைச் சொன்னாலும் கணக்கு மாதிரி துல்லியமாக இருக்க வேண்டும் என்று அற்ப விஷயத்துக்கெல்லாம் மல்லுக்கு நிற்பாராம். சீக்கிரமே சங்கத்திலிருந்து விலகிவிட்டார். (அதனால் அவரைக் குறைத்து நினைக்க வேண்டாம். கப்பலில் செல்பவர்கள் சூரியன், நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் கருவியை 1730 வாக்கில் இங்கிலாந்தின் ஹாட்லியும், அவருக்குத் தெரியாமலே இந்தக் கண்ணாடிக்காரரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள்.)

நட்பும் பணமும்

இவர்கள் எல்லோரும் உத்தமர்கள், உயிர்த்தோழர்கள் என்று நினைத்துவிடக்கூடாது. 1728-ல் பிராங்க்ளின், கீமரை விட்டு விலகி மெரிடித்தோடு கூட்டு சேர்ந்து சொந்தமாக அச்சகம் போட்டார். ஒரு பத்திரிகை ஆரம்பிக்கும் திட்டமும் மனதில் இருந்தது. அதை ரகசியமாக வெப்பிடம் சொன்னார். வெப் நேராகப் போய் கீமரிடம் சொல்லிவிட்டார். கீமர் முந்திக்கொண்டு அந்த வருடக் கடைசியிலேயே ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். சங்கத்துத் தோழனே காலை வாரிவிட்டான்! (கீமரால் 90 சந்தாதாரர்களுக்கு மேல் சேர்க்க முடியவில்லை. 1729-ல் அதே பத்திரிகையை பிராங்க்ளினே சொற்ப விலைக்கு வாங்கிவிட்டார். அதுதான் புகழ்பெற்ற "பென்சில்வேனியா கெஜட்".)

மறுபக்கமும் உண்டு. அச்சகத்துக்கு முதல் போடுவதாக ஒப்புக்கொண்ட மெரிடித்தின் அப்பா பாதிப் பணம்தான் கட்டினார். மீதி 100 பவுண்டுக்கு, சாமான் கொடுத்த வியாபாரி வழக்குப் போட்டார். மெரிடித்தோ குடியில் மூழ்கிக் கிடந்தார். அச்சு இயந்திரமும் எழுத்துகளும் ஏலத்துக்குப் போகும் நிலை. அந்த நேரத்தில் கோல்மனும் கிரேஸும், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், பிராங்க்ளின் கேட்காமலே வந்து "தேவையான முழுப் பணத்தையும் நான் தருகிறேன்" என்றார்கள்.

பிராங்க்ளின் என்ன செய்தார் தெரியுமா? ஒருவரிடம் முழுக்க வாங்கினால் இன்னொருவர் மனம் நோகும் என்று, இரண்டு பேரிடமும் பாதிப் பாதி வாங்கினார். 1730-ல் மெரிடித்துக்குச் சேர வேண்டியதைக் கொடுத்து, கூட்டை முறைப்படி எழுதி முடித்துக்கொண்டார். மெரிடித் விவசாயம் பார்க்க வட கரோலினா போனார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை.

கடன் இங்கே அன்பை முறிக்கவில்லை. யார் எவ்வளவு கொடுத்தார், யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

படுத்துவிட்ட அலமாரி

இப்போது புத்தகத்துக்கு வருவோம்.

விவாதத்தின் நடுவே "அந்தப் புத்தகத்தில் இப்படி இருக்கிறது" என்று யாராவது சொல்வார்கள். ஆனால் புத்தகம் அவர் வீட்டில் இருக்கும். பிராங்க்ளின் ஒரு யோசனை சொன்னார். எல்லோரும் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து கூடும் அறையிலேயே வைத்துவிடுவோம். விவாதத்தின்போது எடுத்துப் பார்க்கலாம், வேண்டியவர்கள் வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். எல்லோருடைய புத்தகமும் எல்லோருக்கும்.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அறையின் ஒரு மூலையில் புத்தகங்கள் சேர்ந்தன. எதிர்பார்த்த அளவு சேரவில்லை, ஆனாலும் பயன்பட்டது.

ஒரு வருடம்தான். புத்தகங்களை யாரும் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. அதனால் சங்கடங்கள் வந்தன. கடைசியில் அவரவர் புத்தகத்தை அவரவர் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிராங்க்ளின் தன் சுயசரிதையில் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறார்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். பேச்சுக்கு விதி வைத்தார்கள், குடிப்பதற்குக் கூட நேரம் குறித்தார்கள். புத்தகத்துக்கு மட்டும் நட்பையே நம்பினார்கள். ஒரு புத்தகம் கெட்டுப்போனால் நஷ்டம் அதைக் கொண்டுவந்தவருக்கு மட்டும். லாபம் எல்லோருக்கும். பொறுப்பு யாருக்கும் இல்லை. எது பேசப்படாமல் விடப்பட்டதோ அதுதான் உடைந்தது.

40 ஷில்லிங்

பிராங்க்ளின் இரண்டாவது முறை முயன்றபோது எல்லாவற்றையும் எழுத்தில் வைத்தார். பிராக்டன் என்ற பத்திரம் எழுதும் நிபுணரைக் கொண்டு ஒப்பந்தம் தயாரானது. 1731 ஜூலை 1 தேதியிட்ட அந்த ஒப்பந்தத்தில் பிறந்ததுதான் "லைப்ரரி கம்பெனி ஆஃப் பிலடெல்பியா".

கணக்கு எளிமையானது. 50 உறுப்பினர்கள். ஆளுக்கு ஆரம்பத்தில் 40 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு 10 ஷில்லிங், 50 வருடத்துக்கு. 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்பதால் எல்லோரும் கட்டினால் முதலீடு 100 பவுண்டு, வருட வருமானம் 25 பவுண்டு. தனி ஆளாக ஒரு தொழிலாளி கனவிலும் நினைக்க முடியாத புத்தகச் சேகரிப்பு, 50 பேர் சேர்ந்தால் கைக்கு எட்டுகிறது. நம்மூர் சீட்டு மாதிரிதான், பணத்துக்குப் பதில் புத்தகம் சுற்றி வருகிறது.

முதல் அலமாரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டு.

ஒன்று, இங்கே யாரும் தன் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவரவில்லை. பங்கு வாங்கினார்கள். புத்தகம் கம்பெனியுடையது. கெட்டுப்போனால் "என் புத்தகத்தை நீ கெடுத்துவிட்டாய்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டு, புத்தகத்தை எடுத்துப் போகிறவர் ஒரு பிராமிசரி நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஒழுங்காகத் திருப்பித் தராவிட்டால் புத்தகத்தின் விலையைப் போல் இரண்டு மடங்கு தருகிறேன் என்று! பிராமிசரி நோட்டு என்றால் ஏதோ வங்கி சமாச்சாரம், பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய விஷயம் என்றுதான் வணிகவியல் மாணவர்கள் நினைப்பார்கள். அது ஒரு கதைப் புத்தகத்தைக் காப்பாற்றவும் பயன்பட்டிருக்கிறது.

ஆனால் 50 பேரைச் சேர்ப்பது லேசாக இல்லை. "இது என் திட்டம்" என்று சொல்லிக்கொண்டு போனபோது ஆளாளுக்கு ஆட்சேபம் சொன்னார்கள். "இவன் பெயர் வாங்கப் பார்க்கிறான்" என்ற எண்ணம் குறுக்கே நிற்பதைப் பிராங்க்ளின் புரிந்துகொண்டார். அப்புறம் "இது சில நண்பர்களின் திட்டம், என்னைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள்" என்று மாற்றிச் சொன்னார். வேலை நடந்தது. (பெயர் வேண்டாம் என்று ஒதுங்கினால் பெயர் தானாக வரும் என்று பின்னாளில் எழுதினார். வந்தது!)

ஜுன்டோ நண்பர்களே பொறுப்பேற்றார்கள். பத்திரம் நகல் எடுக்கும் பிரிண்ட்னல் செயலாளர். குமாஸ்தா கோல்மன் பொருளாளர். 1732 வசந்த காலத்தில் 45 பவுண்டுக்கு முதல் ஆர்டர் லண்டனுக்குப் போனது. அக்டோபரில் புத்தகங்கள் கப்பலில் வந்து இறங்கின. அந்தக் காலக் கல்லூரி நூலகங்களில் லத்தீன் புத்தகங்களும் மதநூல்களும்தான் அதிகம். இங்கே பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்கள். லத்தீன் தெரியாத தச்சரும் எடுத்துப் படிக்கலாம். நூலகர் சம்பளத்துக்கு வைக்கப்பட்டார். புதன்கிழமை ஒரு மணி நேரம், சனிக்கிழமை ஆறு மணி நேரம் திறந்திருக்கும். 1734-ல் நூலகர் பொறுப்புக்கு வந்தவர் யார் தெரியுமா? செருப்புத் தைத்த அதே வில்லியம் பார்சன்ஸ். 12 வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

பிலடெல்பியாவைப் பார்த்து மற்ற ஊர்களிலும் இதே மாதிரி சந்தா நூலகங்கள் முளைத்தன. 1774-ல் காலனிகளின் பிரதிநிதிகள் முதல் காங்கிரஸாகக் கூடியது கார்ப்பென்டர்ஸ் ஹால் என்ற கட்டடத்தில். அதன் மாடியில் இருந்தது இந்த நூலகம்தான். பிரதிநிதிகளுக்கு வேண்டிய புத்தகங்களைக் கொடுக்கச் சொல்லி நிர்வாகிகள் நூலகருக்கு உத்தரவு போட்டார்கள்.

வட்டத்துக்கு வெளியே நின்றவர்கள்

இவ்வளவோடு முடித்தால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால் முழுக் கதையாக இருக்காது.

ஜுன்டோவில் சேர்பவர் நெஞ்சில் கை வைத்து, எந்தத் தொழிலானாலும் மதமானாலும் மனிதர்கள் எல்லோரையும் நேசிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அருமையான உறுதிமொழி. ஆனால் அந்த அறையில் பெண்கள் கிடையாது. கறுப்பினத்தவர் கிடையாது. பிராங்க்ளினின் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன. அவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள். வயதான காலத்தில் மனம் மாறி, 1787-ல் பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார் என்பதும் உண்மை. ஆனால் அதற்கு 60 வருடம் பிடித்தது.

ஜுன்டோ தொடங்கி சுமார் 100 வருடம் கழித்து, அதே பிலடெல்பியாவில், 1831-ல் இன்னொரு வாசக வட்டம் கூடியது. இதில் இருந்தவர்கள் எல்லோரும் சுதந்திரமான கறுப்பினப் பெண்கள். சாரா மேப்ஸ் டக்ளஸ் என்ற ஆசிரியை இதில் முக்கியமானவர். சங்கத்தின் பெயரின் பொருள் "பெண்கள் இலக்கியச் சங்கம்". வெள்ளையர்களின் சங்கங்களில் இடம் கிடைக்காதவர்கள், தங்களுக்கென்று ஒரு வட்டத்தைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். படிப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. தெற்கு மாநிலங்களில் தங்கள் இனத்தவருக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதே குற்றமாக்கப்பட்டு வந்த காலம் அது.

இவர்களும் ஒரு விதி வைத்தார்கள். வாரம் ஒரு முறை கூடுவார்கள். எழுதிய கட்டுரையைப் பெயர் போடாமல் ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாக வாசித்து விமர்சிப்பார்கள். எழுதியது யார் என்று தெரியாததால் தயங்காமல் குறை சொல்லலாம். கேட்டுக்கொண்டிருப்பவரும் யாரிடமும் முகம் திருப்ப வேண்டியதில்லை. அந்தப் பெட்டியிலிருந்து வெளிவந்த எழுத்துகளில் சில, அடிமை முறையை எதிர்த்த "லிபரேட்டர்" பத்திரிகையில் அச்சாயின. 1833-ல் கறுப்பின ஆண்களும் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு லைப்ரரி கம்பெனி தொடங்கினார்கள்.

ஜுன்டோவின் அபராதம், லைப்ரரி கம்பெனியின் பிராமிசரி நோட்டு, இந்தப் பெண்களின் பெட்டி. மூன்றும் செய்த வேலை ஒன்றுதான். நண்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லச் சங்கடப்படும் விஷயத்தை, அவர்களுக்குப் பதிலாக ஒரு விதி சொல்லிவிடுகிறது.

கடைசியாக...

ஜுன்டோ ஏறக்குறைய 40 வருடம் நடந்தது. பிராங்க்ளின் லண்டனில் பெரிய மனிதராக இருந்த 1760-களிலும் ஊரிலிருந்த பழைய நண்பருக்குக் கடிதம் எழுதி, ஆட்கள் குறைந்துபோனாலும் ஜுன்டோ கூட்டத்துக்குப் போகாமல் இருக்காதே என்று வற்புறுத்தினார். கோல்மனுடனான நட்பு 1769-ல் கோல்மன் இறக்கும் வரை, 40 வருடத்துக்கு மேல், ஒரு விரிசல் இல்லாமல் நீடித்தது. அந்த நட்பில்தான் கடனும் இருந்தது, கணக்கும் இருந்தது.

"நமக்குள்ளே எதுக்குடா கணக்கு?" என்பது கேட்க இனிமையான வாக்கியம். ஆனால் அந்த வாக்கியத்தை நம்பிய அலமாரி ஒரே வருடத்தில் காலியானது. எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிய புத்தகங்களில் பல இன்றும் பிலடெல்பியாவில் பத்திரமாக இருக்கின்றன.

மளிகைக் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். கடன் அன்பை முறிப்பதில்லை. எழுதி வைக்காத கடன்தான் முறிக்கிறது.